அளவு ஜாக்கெட்டுகள் நனைந்த வருஷம்

ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை வாய்க்கால்கரை காலனியில் பெய்த மழை, ஞானதிரவியம் டைலர் கடை ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் நகர்த்தி, அதன் வழியே உள்ளே இறங்கி, தையல் மெஷினைத் தொடாமல், மாதா படத்தைத் தொடாமல், தீபாவளிக்கென்று வந்து குவிந்திருந்த துணிக்கட்டுகளைத் தொடாமல், கயிற்றில் வரிசையாகத் தொங்கிய நூற்றுப் பதினேழு அளவு ஜாக்கெட்டுகளை மட்டும் நனைத்து, அவற்றில் குண்டூசியால் குத்தியிருந்த பெயர்ச் சீட்டுகளின் மை முழுவதையும் கழுவி எடுத்துக்கொண்டு வடிந்துபோனது. பக்கத்துத் தெருவில் கேட்டால் அன்றைக்குத் தூறல்கூட இல்லை என்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இந்த ஊரில் பெண்களுக்கு டைலர் டேப் வைத்து அளவெடுப்பதில்லை. ஆம்பிளைக் கை மேலே படக் கூடாது, தான் எத்தனை இன்ச் என்பது கடையில் நாலு பேர் காதில் விழவும் கூடாது, ஆகையால் உடம்புக்குச் சரியாக நிற்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து 'அளவு' என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அது கடையிலேயே கிடக்கும், கல்யாணமாகிக் கிடக்கும், பிள்ளை பெற்றுக் கிடக்கும், அதை வைத்துத்தான் பின்னால் வரும் அத்தனை ஜாக்கெட்டும் வெட்டப்படும். இப்போது சீட்டெல்லாம் வெற்றுக் காகிதமாகிவிட்டது. கடையை ஒரு வாரம் மூடி ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு 'உங்களது எது' என்று கேட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் முப்பத்திரண்டு வருஷமாகக் கத்தரி பிடித்த திரவியத்துக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. துணியைத் தொட்டாலே ஆள் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, குத்துமதிப்பாக எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை உமையம்மை டீச்சர், ஐம்பத்தெட்டு வயசு, புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவள், பிரேயரில் இருபத்திரண்டு வயசுக்காரியாக நின்றாள். மாடியை இரண்டிரண்டு படியாக ஏறினாள். மூன்றாவது பீரியடில் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்து வகுப்பை விட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அதே திங்கட்கிழமை மேலமாடி வீட்டு பெனிட்டா, இன்ஜினியரிங் கடைசி வருஷம், பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் ஒரு பையனை எழுப்பி 'அம்மாவுக்கு இடம் விடுடே' என்றார். அவளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் உளுந்து விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே காலேஜ் போய்ச் சேர்ந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றியதும் அவரவர் வயசு அவரவரிடம் வந்துவிட்டது. யாருடைய அளவில் தைத்ததோ, அந்த அளவைக் கடையில் கொடுத்த அன்றைக்கு அவளுக்கு என்ன வயசோ, அந்த வயசு போட்டுக்கொண்டவளுக்கு வரும் என்பதைக் காலனி பத்தே நாளில் கண்டுபிடித்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. யார், யாருடையது, எப்போது எடுத்தாள் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு காலனியில் ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லை. காய்கறி வண்டியில் குனிந்து கத்தரிக்காய் பொறுக்குகிறவளின் முதுகுத் தையலை இன்னொருத்தி உற்றுப் பார்த்தாள். ஆபீஸிலிருந்து வந்த புருஷன்மார் செருப்பைக் கழற்றுமுன் 'இன்னைக்கு யாரு வயசு' என்று வாசலில் நின்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், ஒரு தடவை அவள் வயசில் காபி கொண்டுவரட்டும், இன்னொரு தடவை அம்மா அளவில் தைத்ததைப் போட்டுக்கொண்டு வரட்டும், முப்பது வருஷம் கழித்து எப்படி இருப்பாள் என்று பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்; பெண் வீட்டாரும் விடவில்லை, மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லையா என்று கேட்டு அனுப்பினார்கள். பென்சன் வாங்கப் போன ஒரு விதவை முப்பது வயசில் போய் நின்று, தான்தான் அது என்று நிரூபிக்க முடியாமல், கழிவறைக்குள் போய் ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு எழுபத்தொன்றாக வெளியே வந்து கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் முடியாத கிழவிக்குக்கூட யாரும் இடம் கொடுப்பதில்லை, உள்ளே எந்தக் குமரி ஒளிந்திருக்கிறாளோ என்ற சந்தேகம்தான். ஆண்கள் பொருமினார்கள், அவர்கள் சட்டைக்கெல்லாம் டேப்பில் அளவெடுத்துத் தொலைத்திருந்தார்கள்.

இந்தக் காலனியில் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டவள் மனோரஞ்சிதம். பதினான்கு வருஷமாக 'ரஞ்சியின் பீரோ' என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்துச் சேலையும் ஜாக்கெட்டும் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் எழுத்து, பிறகு படம், பிறகு வீடியோ, இப்போது எழுபதாயிரம் பேர் அவள் என்ன உடுத்துகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் பீரோவைத் திறக்கிறார்கள் என்று அவளே சொல்வாள். அவளுடைய முத்திரை இடது கை. அவள் ஜாக்கெட்டில் இடது கை வலது கையைவிட ஒரு விரல்கடை நீளமாக இருக்கும். 'ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பார்க்கிறவர்கள் கண் அங்கே போகும், நம் வயசு இங்கே தப்பித்துவிடும்' என்று அவள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூத்துக்குடியிலும் மதுரையிலும், கேட்டால் நம்ப மாட்டீர்கள், துபாயிலும் பெண்கள் 'ரஞ்சி கை' வைத்துத் தைத்துக்கொண்டார்கள். கூடப் பிறந்த அக்கா செண்பகவல்லிகூட எப்போது பார்த்தாலும் இடது கை நீளமான ஜாக்கெட்தான் போட்டிருப்பாள். சொந்த அக்காவே காப்பியடிக்கிறாளே என்று ரஞ்சிக்கு உள்ளுக்குள் எரிச்சல், கொஞ்சம் பெருமையும்.

வயசு மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்காது. ஐம்பத்தொன்று முடியப் போகிறது என்பது அவளுக்கும் அவள் புருஷன் தனபாலுக்கும் அக்காவுக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கொசுவத்தை விரித்துக் காட்டத் தரையில் உட்கார்ந்தால் எழும்போது கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது, அந்த இடத்தை வீடியோவில் வெட்டிவிடுவாள். கழுத்தை மறைக்கப் பாசிமாலையை இரண்டு சுற்றாகப் போட்டாள். காலையில் காபியோடு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'ஆன்ட்டி' என்று வந்த கமெண்ட்டுகளை ஒவ்வொன்றாக அழிப்பாள். 'ஆன்ட்டி, இந்த வயசுல இதெல்லாம் தேவையா' என்று எவளோ ஒரு நாள் எழுதியதை அழித்த பிறகும் அது ஒரு வாரம் வயிற்றுக்குள் கிடந்தது. வயசாகிறதே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான், இதில் மறைக்க ஒன்றும் இல்லை, அவள்தான் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து டவுனில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து அழைப்பு வந்தது. ஐப்பசி முதல் ஞாயிறு, புது மாடித் திறப்பு, முந்நூறு பெண்களுக்கு முன்னால் மேடையில் நேரில் நிற்க வேண்டும். 'வயசே ஏறாத ரஞ்சி' என்று பேனர் அடித்துப் படமும் அனுப்பிவிட்டார்கள். வீட்டு ஜன்னல் வெளிச்சம் கிடையாது, வெட்டி ஒட்ட முடியாது, முன் வரிசையில் இருக்கிறவளுக்குக் கழுத்து தெரியும். பதினான்கு வருஷமாகக் கட்டிய பெயர் ஒரு மாலையில் போய்விடும் என்று ரஞ்சி பயந்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது: தன் அளவு ஜாக்கெட்டைத் திரவியம் கடையில் கொடுத்தபோது தனக்கு வயசு முப்பத்தொன்று. அன்றையிலிருந்து மாற்றவே இல்லை. அந்த முப்பத்தொன்று அதே கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அடுத்தவள் வயசில்லை, திருட்டில்லை, சொந்த முப்பத்தொன்று, போய் எடுத்து ஒன்று தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கடைக்குப் போனாள். திரவியம் கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஒங்களுது நீலம். சாயம் போன மயில் நீலம். எடது கை நீளம். எனக்கு நல்லா தெரியும்மா" என்றார்.

"தெரியுதுல்ல, எடுங்க."

"காங்கலியே. நூத்துப் பதினாறுதான் கெடக்கு."

"யாருண்ணே எடுத்தா?"

திரவியம் தலையை நிமிர்த்திக் கூரையில் அந்த ஒற்றை ஓட்டைப் பார்த்தார். "எனக்கு என்னம்மா தெரியும்? தீவாளி நேரம். ஆயிரம் பேரு வாரா போறா."

இந்த மனுஷன் பொய் சொல்கிறார் என்று ரஞ்சிக்குப் பட்டது. அவர் பொய்தான் சொன்னார்.

அன்றிலிருந்து ரஞ்சி மாடிக் கைப்பிடிச் சுவரருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள். யாரோ தன் முப்பத்தொன்றைப் போட்டுக்கொண்டு திரிகிறாள், தன் மெலிந்த இடுப்போடு, தன் கறுத்த முடியோடு, தன் கண்ணாடி வேண்டாத கண்ணோடு இந்தத் தெருவில்தான் எவளோ கொத்தமல்லி வாங்குகிறாள் என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் நினைத்தாள்: முப்பது வயசு மதிக்கும்படி, இடது கை நீளமாக எவள் போகிறாளோ அவள்தான். ஆனால் அவளே பதினான்கு வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்த கை அல்லவா, தெருவில் பாதிப் பேருக்கு இடது கை நீளமாகத்தான் இருந்தது. தன் பெயருக்குத் தானே ஊரெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அசலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அவள் ஒரு நோட்டில் பதினொரு பேரின் பெயரை எழுதினாள். மறுநாள் இன்னும் ஆறு பேரைச் சேர்த்தாள்.

முதலில் மாட்டியது உமையம்மை டீச்சர். வாய்க்கால் பாலத்தில் வைத்து மறித்தாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதிய. இந்த ஜாக்கெட்டு யாரு அளவு?"

"ஏன் கேக்க?"

"எடது கை ஒரு விரக்கட நீளமா இருக்கு."

"இருக்கும். நீதானளா வீடியோவுல சொன்ன, இப்படித் தச்சா கை மெலிஞ்சு தெரியும்னு. நம்பித் தச்சேன். மெலியவும் இல்ல, மண்ணும் இல்ல." டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு ஒன் வயசு எதுக்கு? நான் பெனிட்டாவோட இருவத்திரெண்டயே வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டேன். போட்ட ஒடனே பரீட்ச பயம் வந்துருது, வயித்தக் கலக்குது. யாருக்குளா வேணும் அது?"

டீச்சர் சொன்னதில் உண்மை இருந்தது. வயசு தனியாக வருவதில்லை. அந்த வயசில் அவளுக்கு இருந்த பல்வலியும் பயமும் ஆசையும் கூடவே வந்தன. பெனிட்டாவுக்கு வந்தது டீச்சரின் வலது முட்டிவலி. அதனால்தான் ரஞ்சிக்குத் தன்னுடையதே வேண்டும் என்று இருந்தது. தன் முப்பத்தொன்றில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள், அழகாக இருந்தது, வேறென்ன.

புரட்டாசி போனது. நோட்டில் முப்பத்து நாலு பெயர் ஆனது. தனபாலிடம், 'எனக்கு என்ன வயசு தெரியுது, உள்ளதச் சொல்லுங்க' என்று கேட்டதற்கு அவர், 'ரசம் ஆறுது' என்றார். அவரும் ஏதோ தெரிந்துகொண்டு மறைக்கிறார் என்று அவரையும் நோட்டில் எழுதினாள்.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அவளைப் பின்தொடரும் ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். தாமிரபரணிப் படித்துறை, சனிக்கிழமை மத்தியானம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் ஆற்றின் குறுக்கே நீந்துகிறாள், நீந்தி நடுப்பாறையில் ஏறி உட்கார்ந்து முடியைப் பிழிகிறாள், இந்தப் பக்கம் திரும்புகிறாள். முப்பது, முப்பத்தைந்து இருக்கும். இடது கை நீளம். கீழே அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'ரஞ்சிக்கா, நீங்க நீச்சலும் அடிப்பீங்களா? சொல்லவே இல்ல!'

ரஞ்சி வீடியோவை நிறுத்தினாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அது அவள் முகம். கொஞ்சம் மாறிய அவள் முகம். அவளுக்கு நீச்சல் தெரியாது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. முப்பத்தொன்றைத் திருடியவள் முகத்தையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று கொதித்து, அடுத்த சனிக்கிழமைவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, விழாவுக்கு முந்திய அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோ பிடித்துப் படித்துறைக்குப் போனாள்.

கல்மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அந்தப் பெண் அக்கரையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல், தண்ணீர் அவளை வைத்துக்கொண்டு வந்து விடுவது மாதிரி. கடைசிப் படியில் கையை ஊன்றி ஏறினாள். நிமிர்ந்தாள். தூணைப் பார்த்துச் சிரித்தாள்.

"வா ரஞ்சி. ஒளிஞ்சு நின்னா தெரியாதாக்கும்? செண்ட்டு வாசன அக்கரைக்கு வருது" என்றாள் செண்பகவல்லி.

ஐம்பத்தைந்து வயசு அக்கா, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், கல்யாண வீட்டில் மூலையில் நாற்காலி கேட்டு உட்காருகிறவள், முப்பத்தைந்து வயசில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். ரஞ்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நீயாக்கா? ஊர்ல உள்ளவ எல்லாரையும் சந்தேகப்பட்டேனே, நீயா? என் அளவ எடுத்துத் தச்சுப் போட்டுட்டு ஆத்துல குதிக்க. நாளைக்கு நான் மேடையில நிக்கணும், தெரியுமா ஒனக்கு?"

"ஒன் அளவா?"

"என் அளவுதான். மயில் நீலம். திரவியண்ணன்ட்ட நான் குடுத்தது."

"குடுத்தது நீதான்" என்றாள் அக்கா. படியில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தாள். "ஒம் பிள்ளப்பேறுக்கு நான் வந்து நாப்பது நாளு ஒங்க வீட்ல இருந்தேன்லா? நீ எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சதும் டைலர்ட்ட போன. ஒன் ஜாக்கெட்டு ஒண்ணும் ஒனக்குச் சேரல. கொடியில கெடந்தத எடுத்துட்டுப் போயி அளவுன்னு குடுத்துட்ட. அது என் ஜாக்கெட்டுட்டி. நானும் கேக்கல. தொலஞ்சா தொலஞ்சு போட்டும்னு விட்டுட்டேன். மழைக்கப்புறம் பாவாடத் துணி குடுக்கப் போனவ கயித்துல பாத்தேன். பாத்த ஒடனே தெரிஞ்சுட்டு. திரவியண்ணன்ட்ட சொன்னேன், இது எனக்கு உள்ளது, ஒண்ணு தச்சுட்டு அளவத் திருப்பித் தாங்க, ரஞ்சிட்ட சொல்லாதிய, அவ வருத்தப்படுவான்னு."

"பொய் சொல்லாத. எடது கை நீளமா இருக்கே, அது என் ஸ்டைலு. ஊரே சொல்லும்."

செண்பகவல்லி எழுந்தாள். மண்டபத்து இருட்டுக்குள் போய், காய்ந்த ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு, ஐம்பத்தைந்தாக, இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்து, ஈர ஜாக்கெட்டைத் தங்கையின் கையில் கொடுத்தாள். "போட்டுப் பாரு" என்றாள். "வேணும்னா நாளைக்கும் நீயே போட்டுக்கோ. ஒரு நாளுதான."

ரஞ்சி சந்தேகத்தோடுதான் வாங்கினாள். மண்டபத்துக்குள் போய் ஒவ்வொரு கொக்கியாக மாட்டினாள். முதல் கொக்கியில் இடுப்பு லேசாகியது, இரண்டாவதில் கண் தெளிந்தது, மூன்றாவதில் கழுத்துத் தோல் இறுகியது; ஆகா என்று அவள் நினைப்பதற்குள் இடது கையில் தோளிலிருந்து முழங்கைக்கு மேல்வரை தீ வைத்தது மாதிரி எரிந்தது. தோல் உரிந்து, துணி ஒட்டி, ஒட்டிய இடத்தில் துடித்தது. அவள் கத்தினாள். கத்திக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்ற முடியாமல் கழற்றினாள்.

வெளியே வந்தபோது அக்கா கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கஞ்சி வடிக்கையில கவுந்துட்டு" என்றாள். "ஒனக்குத்தான் வடிச்சேன். பத்தியத்துக்கு. நீ உள்ள பிள்ளையோட படுத்திருந்த. சொன்னா பதறுவ, பால் வத்திரும்னு அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டா. புண்ணு வெளிய தெரியாம இருக்க அப்பவே அந்தக் கையில மட்டும் துணி ஒட்டி நீளமாக்குனேன், பெறகு தழும்ப மறைக்க எல்லாத்துலயும் அப்படியே வச்சுத் தச்சேன். அந்த அளவுலதான ஒன் ஜாக்கெட்டெல்லாம் வெட்டுனாவ, நீ அத ஸ்டைலுன்னு போட்ட. நல்லாத்தான் இருந்துச்சு."

"இம்புட்டு எரியுதே. இதப் போட்டுக்கிட்டு எப்படிக்கா..."

"தண்ணிக்குள்ள இருந்தா எரியாது. அதான் நீந்துதேன். அந்த வயசுல நீந்துன மாதிரி அதுக்கு அப்புறம் நான் நீந்தவே இல்லட்டி. எரிஞ்சா எரியட்டும்."

ரஞ்சி படியில் உட்கார்ந்தாள். பதினான்கு வருஷம் ஊருக்கே சொல்லிக்கொடுத்த தன் கை தன் கை இல்லை என்பதும், எழுபதாயிரம் பேர் ஆசையாகத் தைத்துப் போட்டுக்கொண்டது அக்காவின் தீக்காயத்தை என்பதும், அந்த எரிச்சலோடு அக்கா நாற்பது நாள் தனக்குச் சோறு வடித்திருக்கிறாள், தான் ஒரு நாள்கூட அவள் கையைப் பார்க்கவில்லை என்பதும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவள் மேல் உட்கார்ந்தன. வெட்கமாக இருந்தது. அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, கட்டிக்கொண்டாள், கையில் படாமல் கட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப என் முப்பத்தொண்ணு எங்கக்கா?"

"அத நீ எங்கயும் குடுக்கலியே" என்றாள் செண்பகவல்லி. "எல்லாருக்கும் போன மாதிரி ஒனக்கும் போயிட்டு."

நேரே திரவியம் கடைக்குத்தான் இரண்டு பேரும் போனார்கள். சாயங்காலம், கடை நிறைய ஆள், எல்லோரும் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தனக்கு அளவெடுக்க வேண்டும் என்று ரஞ்சி சொன்னதும் கத்தரி நின்றது. அளவு எங்கே என்று கேட்டார் திரவியம். அளவு இல்லை, டேப்பில் எடுங்க என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை என்பதால் திரவியம் டேப்பைச் செண்பகவல்லியிடம் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்க்கத் திரும்பி நின்று, நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார்.

"மூச்ச விடு" என்றாள் அக்கா.

"விட்டுட்டேன்."

"விடல. வயித்த எக்கிட்டு நிக்க. விடு." ரஞ்சி விட்டாள். "மார்பு நாப்பதரை" என்று செண்பகவல்லி சத்தமாகச் சொன்னாள். "நாப்பதரை" என்று திரவியம் தெருவுக்குச் சொல்லி எழுதிக்கொண்டார். "இடுப்பு முப்பத்தேழு." "முப்பத்தேழு." தோள், கழுத்து இறக்கம், அக்குள் சுற்று, ஒவ்வொன்றாக அக்கா சொல்ல அவர் திருப்பிச் சொல்ல, கடையில் நின்ற அத்தனை பெண்களும் வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். தன் உடம்பு ஊர் கேட்க எண்ணாகிப் போவதை ரஞ்சி முகம் சிவக்கக் கேட்டாள். ஆறாவது எண்ணுக்குப் பிறகு முகம் சிவப்பது நின்றுவிட்டது. கை நீளம் வந்தபோது அக்கா டேப்பைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு கையும் ஒண்ணுதான்" என்றாள் ரஞ்சி.

ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்து விடியும்போது கொடுத்தார். அரக்குப் பட்டில் ரஞ்சி போட்டுக்கொண்டாள். கொக்கி எல்லாம் மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பத்தொரு வயசுக்காரி கண்ணாடி முன்னால் நின்றாள், மூச்சை விட்டுக்கொண்டு நின்றாள், ஜாக்கெட் எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. இத்தனை வருஷத்தில் தனக்கென்று வெட்டிய துணியை அன்றைக்குத்தான் போட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பாசிமாலையைக் கையில் எடுத்தவள் ஒரு சுற்று மட்டும் போட்டுக்கொண்டாள்.

மேடையில், 'வயசே ஏறாத ரஞ்சி' என்ற பேனருக்குக் கீழே, மைக் பிடித்த பெண், "மேடம், உங்க வயச மட்டும் சொல்லிடாதீங்க, யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். ரஞ்சி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "ஐம்பத்தொண்ணு" என்றாள்.  மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தடித்த அம்மாள் எழுந்து, யாரையும் கேட்காமல் மேடையேறி, ரஞ்சியின் ஜாக்கெட் கையை இரண்டு விரலால் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். வாய்க்கால்கரை காலனிச் சமாச்சாரம் டவுனுக்கும் வந்துவிட்டிருந்தது.

"இது யாரு அளவும்மா?"

"என் அளவுதான்."

"நெசமாவா?"

"நெசமா."

அந்த அம்மாள் இறங்கிப் போய்ப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது. "புழுகுதா. அறுவது தாண்டியிருக்கும். எவகிட்டயோ ஐம்பத்தொண்ண வாங்கிப் போட்டுருக்கா. ஆனா நல்லாருக்கு, பாத்தியா? எப்படி நிக்கா பாரு."

செவ்வாய்க்கிழமை, அரக்கு ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லித் திரவியம் ஆள் அனுப்பினார். கடையில் உமையம்மை டீச்சர் இருந்தாள், பெனிட்டா இருந்தாள், டவுனிலிருந்து முன்பின் தெரியாத மூன்று பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் கையில் துணியை வைத்துக்கொண்டு ரஞ்சியின் கைப்பையைப் பார்த்தார்கள்.

"யம்மா, அந்த அரக்கு ஜாக்கெட்ட அளவுக்கு இங்கன விட்டுட்டுப் போங்க" என்றார் திரவியம். "கேக்காவ. கூரையக்கூட மாத்திட்டேன், இனி நனையாது."

"ஒரே ஒரு நாளு, ஆன்ட்டி" என்றாள் பெனிட்டா. "காலேஜ்ல இன்டர்வியூ அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு அப்படி நிக்கணும்."

ரஞ்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெனிட்டாவின் கண் பையின் ஜிப்பில் இருந்தது. டீச்சர், ஐம்பத்தெட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் ஒரு அடி முன்னால் வந்திருந்தாள். டவுன்காரிகளில் ஒருத்தி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்ணே. இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் ரஞ்சி. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலில் நின்றவளை விலக்கி வெளியே வந்தாள். ஐம்பத்தொன்றை எவளாவது பறித்துக்கொண்டு போய்விடுவாளோ என்று வாய்க்கால் பாலம் தாண்டும் மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வேகமாக வீட்டுக்குப் போனாள்.